இருநூற்றுப் பன்னிரண்டு படங்களும் ஒரு வாரியமும்

டீச்சர் வீட்டுக் கணினி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இருபத்தாறாவது வார்த்தைக்கும் இருபத்தேழாவது வார்த்தைக்கும் நடுவே உயிரை விட்டது. முதலில் ஒரு முனகல், பிறகு தீய்ந்த வாடை, பிறகு கறுப்புத் திரை. டீச்சரின் கணவர் லிஃப்ட் மெக்கானிக்; இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கிப்போன பெட்டிகளை முப்பது வருடமாகத் தட்டிக்கொடுத்து அனுப்பியவர். அவர் கணினியைக் கழற்றினார், ஊதினார், துடைத்தார், திரும்பப் பூட்டினார், கெஞ்சவும் செய்தார். அது அசைந்துகொடுக்கவில்லை.

வார்த்தைக் கணக்கு என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். டீச்சர் பாலர் வகுப்பில் இருபத்தெட்டு வருடம் பாடம் எடுத்தவர். ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், அவருக்குப் பழக்கமான படங்களைக் காட்டி ஒரு நாளைக்கு ஒரு பெயராவது சொல்லவையுங்கள் என்றார். விடைபெறும்போது வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னார்: "ஒரு நாளும் விட்டுடாதீங்க. விட்டா வந்த வார்த்தையும் போயிடும்."

படங்களுக்குப் பஞ்சமில்லை. டீச்சருக்கு ஸ்லைடு ஷோ என்றால் உயிர். வீட்டில் கேமரா வந்த நாளிலிருந்து எடுத்தவற்றில் இருநூற்றுப் பன்னிரண்டைப் பொறுக்கி, ஒரு மென்பொருளில் வரிசையாகக் கோத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி எழுதிவைத்திருந்தார். ஒரு படம் போய் இன்னொரு படம் வரும்போது திரையின் நடுவில் ஒரு நட்சத்திரம் விரியும். விருந்தாளி யார் வந்தாலும் அதைப் பார்க்காமல் எழுந்துபோக முடியாது. கணவர் மட்டும் பத்தாவது படத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவார். அந்த மனிதர்தான் இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு மனைவியைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, அந்த ஒரு வரியை அட்டையால் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் படத்தைப் பார்ப்பார். உதடு துடிக்கும். நெற்றி வியர்க்கும். பிறகு "குடை" என்று ஒரு வார்த்தை கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்துசேரும். அதை லிஃப்ட் சர்வீஸ் அட்டையின் பின்பக்கம் தேதி போட்டு எழுதிவைப்பார். குடை, சன்னல், நாய், அண்ணி, கடல் என்று இருபத்தாறு சேர்ந்திருந்தது.

அந்தப் படங்களைப் பிரிண்ட் போட்டதில்லை. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கணினிக்குள் இருந்தவை கணினியோடு போயின. மிஞ்சியது, டீச்சர் முன்ஜாக்கிரதையாக எழுதிவைத்த ஒரே ஒரு சிடி. மென்பொருளும், அது இல்லாமல் திறக்காத ஸ்லைடு ஷோவும் அதில் இருந்தன. சிடி கையில் இருந்தும் போட ஒன்றும் இல்லாததால் லிஃப்ட்காரர் மாற்று வழிகளும் பார்த்தார். பத்திரிகைப் படங்களைக் காட்டினார். நிஜக் குடையையே விரித்துப் பிடித்தார். டீச்சர், யாரோ மறந்து விட்டுப்போன குடையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை டீச்சரின் தம்பி ஒரு புதுக் கணினி வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், அக்கா என்றால் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவார். கணினி கண்ணாடிபோல் பளபளத்தது. சிடி போடத்தான் இடமில்லை. அதற்கென்று தனியாக ஒரு பெட்டி வாங்கிச் செருகி, சிடியைப் போட்டு, மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். திரையில் ஒரு சதுரம் வந்தது. அதில் இப்படி எழுதியிருந்தது: "இந்த மென்பொருள் இந்தக் கணினியின் காலத்தைச் சேர்ந்தது அல்ல. உங்கள் நலன் கருதி இது நிறுத்தப்பட்டுள்ளது. இயக்க விரும்பினால் பழைய மென்பொருள் தகுதி வாரியத்தில் அனுமதி எண் பெறவும்." கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். சரியில்லை என்று சொல்ல எந்தப் பொத்தானும் இல்லை.

"ஒரு நம்பர்தானே அத்தான். போனா குடுத்துடப்போறாங்க" என்றார் மைத்துனர். அவர் சொந்தமாகக் கடை வைத்திருப்பவர். வாழ்க்கையில் எந்த வாரியத்துக்கும் போனதில்லை.

வாரியம் ஐந்து மாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்டின் கதவில் 'பழுது, விரைவில் சரிசெய்யப்படும்' என்ற அறிவிப்பை லேமினேட் செய்து, நான்கு மூலையிலும் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். லிஃப்ட்காரர் அந்தத் திருகாணிகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் படியேறினார். மேலே டோக்கன் கொடுக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதுவும் ஓடவில்லை. அதனால் அதற்குப் பக்கத்தில் ஒரு ஊழியரை உட்காரவைத்திருந்தார்கள். அவர் வருகிறவர்களை முதலில் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தச் சொல்லுவார். அழுத்திய பிறகு தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுப்பார். அழுத்தாதவர்களுக்குச் சீட்டு கிடையாது.

முதல் கவுண்டரில் இருந்த எழுத்தர் ஒன்பதாம் எண் படிவத்தைக் கொடுத்தார். மென்பொருளின் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், இதற்கு முன் குடியிருந்த கணினி, நிரந்தர அங்க அடையாளங்கள் இரண்டு. லிஃப்ட்காரர் கொஞ்சம் விழித்துவிட்டு, முதல் அடையாளமாகப் படங்களுக்கு நடுவே நட்சத்திரம் விரியும் என்றும், இரண்டாவதாகத் திரையின் வலது மூலையில் ஒரு சின்ன மஞ்சள் பறவை உட்கார்ந்திருக்கும் என்றும் எழுதினார். எழுத்தர் அதைப் படித்துத் திருப்தியோடு தலையாட்டினார். பிறகு, தயாரித்த கம்பெனியிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் எங்கே என்றார்.

கம்பெனியை மூடிப் பதினோரு வருடம் ஆகிறது என்றார் லிஃப்ட்காரர். அப்படியானால் மூடிவிட்டோம் என்று கம்பெனியே கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்றார் எழுத்தர்.

"மூடின கம்பெனி எப்படி சார் கையெழுத்துப் போடும்?"

"அதை அவங்க மூடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

எழுத்தர் கெட்ட மனிதர் அல்ல. மனைவியின் நிலைமையைக் கேட்டதும் உச்சுக்கொட்டினார். மருத்துவமனைக் கடிதம் கொண்டுவந்தால் கம்பெனிக் கடிதத்தைத் தளர்த்தலாம், விதி இருக்கிறது என்று தானாகவே வழியும் சொன்னார். மருத்துவமனைக் கடிதம் வாங்க மூன்று நாள் ஆயிற்று. கொண்டுபோய்க் கொடுத்ததும் அதை ஓட்டை போட்டுக் கோத்துக்கொண்டு, இனி நிரூபணம் மட்டும்தான் பாக்கி என்றார். அதாவது, மென்பொருள் புதுக் கணினியில் கோளாறில்லாமல் ஓடுகிறது என்று விண்ணப்பதாரர் புதுக் கணினியைக் கொண்டுவந்து ஓட்டிக்காட்ட வேண்டும்.

"ஓடமாட்டேங்குதுன்னுதானே சார் அனுமதி கேட்டு வந்திருக்கேன்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். "ஓடாததுக்கு எதுக்குங்க அனுமதி?"

அந்த வாரக் கடைசியில் லிஃப்ட்காரர் வீட்டில் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, படத்தில் இருந்ததை வாயால் வர்ணித்து ஒவ்வொரு வார்த்தையாகச் சோதித்துப் பார்த்தார். குடை போயிருந்தது. ஊஞ்சல் போயிருந்தது. அண்ணி என்ற வார்த்தைக்கு 'அ' மட்டும் வந்து, அதற்குமேல் வராமல் டீச்சர் அழுதார். இருபத்தாறில் இருபத்து மூன்றுதான் தேறியது. லிஃப்ட்காரருக்கு அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது கால் ஆடியது. வேலைக்குப் போன இடத்தில் ஸ்குரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்குரூடிரைவரைத் தேடினார். யார் என்ன பேசினாலும், இந்நேரம் வீட்டில் எந்த வார்த்தை நழுவிக்கொண்டிருக்கிறதோ என்ற நினைப்பே மண்டைக்குள் ஓடியது.

அடுத்த முறை போனபோது மூன்றாவது மாடித் திருப்பத்தில் கனத்த ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வாரியத்தின் துணை இயக்குநர். இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். பேச்சுவாக்கில் எதிரில் நிற்பவர் லிஃப்ட் மெக்கானிக் என்று தெரிந்ததும் அவர் கண்ணில் வெளிச்சம் வந்தது. பழைய மோட்டாருக்குப் புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கிப் போட்டார்களாம். போட்ட நாளிலிருந்து பெட்டி சொல்வது மோட்டாருக்கு விளங்கவில்லையாம். எட்டு மாதமாக வாரியமே படியேறுகிறது. லிஃப்ட்காரர் மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் சின்னதாக ஒரு ரிலே வைத்தால் ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குப் புரிந்துவிடும். பையிலேயே ஒன்று இருந்தது. அரை மணி நேரத்தில் லிஃப்ட் ஓடியது.

துணை இயக்குநர் அதில் ஏறிக் கீழே போய், மேலே வந்து, மறுபடியும் கீழே போய் வந்தார். வெளியே வந்ததும் லிஃப்ட்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "பழசைத் தூக்கி எறியறது எல்லாருக்கும் வரும். பழசையும் புதுசையும் கைகோக்க வைக்கிறதுதான் பெரிய வித்தை. நம்ம வாரியத்தோட கொள்கையே அதான். வாசல்ல கல்வெட்டுல பொறிச்சிருக்கோம், பாத்தீங்களா?"

லிஃப்ட்காரர் சந்தர்ப்பத்தை விடாமல், தன்னுடையதும் அதே கதைதான், நடுவில் ஒரு எண் மட்டும் கிடைத்தால் போதும் என்றார். துணை இயக்குநரின் முகம் கடையை அடைத்ததுபோல் ஆயிற்று. "அது வேற விஷயம்" என்றார். ஆனாலும் நன்றி மறக்காமல், விண்ணப்பத்தை எழுத்தரிடமிருந்து எடுத்து நேராகக் குழுவுக்கே அனுப்பிவைத்தார். லிஃப்ட் கதவில் இருந்த அறிவிப்பு அப்படியே இருந்தது. அதைக் கழற்றத் தனி உத்தரவு வேண்டும். அதனால் பழுது என்ற பலகையோடு லிஃப்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, பொதுமக்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

குழுவில் ஒன்பது பேர். நீள மேசை, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில். சிடியை ஒரு தட்டில் வைத்து ஒவ்வொருவரும் வாங்கிப் பார்த்து அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். ஒருவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். எடுத்த எடுப்பில் வயதுப் பிரச்சினை வந்தது. மென்பொருள் வெளிவந்து பதினேழு வருடம். பத்து வருடத்துக்கு மேற்பட்டதெல்லாம் வாரிய விதிப்படி முதிய மென்பொருள். ஆனால் பதினெட்டு நிறையாததால் பொது விதிப்படி அது மைனர். முதியோர் பிரிவுக்குப் போவதா, மைனர் பிரிவுக்குப் போவதா என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. லிஃப்ட்காரர் சுவர்க் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று காலை பத்தொன்பது வார்த்தைகள்தான் மிச்சம்.

பொறுக்கமாட்டாமல் எழுந்து, அய்யா, நான் கேட்பது அந்தப் படங்கள் ஓட வேண்டும் என்பது மட்டும்தான், இதில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, இதுவரை எத்தனையோ பேருக்குக் கொடுத்திருப்பீர்களே என்றார்.

துணை இயக்குநர் அதற்குத்தான் காத்திருந்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாரியம் ஆரம்பிச்சு எட்டு வருஷம். நாலாயிரத்து முந்நூறு விண்ணப்பம். இன்னைக்கு வரைக்கும் ஒரு தப்பான அனுமதிகூட நாங்க குடுத்ததில்லை. எந்த வாரியமாவது இப்படிச் சொல்ல முடியுமா?"

"சரியான அனுமதி எத்தனை சார் குடுத்திருக்கீங்க?"

"அதுல கை வெச்சாதானே தப்பே வரும்?" என்றார் துணை இயக்குநர். மற்ற எட்டு பேரும் ஆமோதித்துத் தலையசைத்தார்கள். மேசைக் கடைசியில் இருந்தவர் குறிப்பும் எடுத்துக்கொண்டார்.

இருந்தாலும் அவர்கள் நெஞ்சில் ஈரம் இல்லாதவர்கள் அல்ல. மருத்துவமனைக் கடிதத்தைப் படித்துவிட்டு, மனிதாபிமான அடிப்படையில் இடைக்கால உத்தரவு ஒன்று போட்டார்கள். தங்க நிற முத்திரை குத்திய கெட்டித் தாள். லிஃப்ட்காரர் கைகூப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்து பிரித்துப் படித்தார். மேற்படி மென்பொருளை, மேற்படி விண்ணப்பதாரர், மேற்படி பழைய கணினியில் இயக்கிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. புதுக் கணினிக்கு வேண்டுமானால், மென்பொருள் மைனராகவும் இருப்பதால், அதைப் பயன்படுத்தி ஸ்லைடு ஷோ தயாரித்தவர் காப்பாளர் என்ற முறையில் நேரில் வந்து, இயக்குநர் முன்னிலையில், தன் வாயால் உறுதிமொழி சொல்ல வேண்டும். சைகை ஏற்கப்படாது.

அவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். டீச்சருக்கு வாயால் சொல்ல முடிந்தால் தான் எதற்கு இங்கே வரவேண்டும்? யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது. அறையும்படியாக ஒரு முகமும் அகப்படவில்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். நாலாவது நடையில், கூடத்துச் சுவரில் இருந்த பெரிய திரை கண்ணில் பட்டது. இத்தனை நாளும் அதை அவர் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இயக்குநர் ஏதோ ஒரு வாசலில் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலோடு நிற்கும் படம். அது மறைந்து அடுத்த படம் வரும்போது நடுவில் ஒரு நட்சத்திரம் விரிந்தது. வலது மூலையில் ஒரு மஞ்சள் பறவை உட்கார்ந்திருந்தது.

லிஃப்ட்காரர் திரைக்கு அருகே தொங்கிய நீலத் துணியை விலக்கினார். உள்ளே ஒரு பழைய கணினி, பக்கவாட்டு மூடி இல்லாமல், விசிறியைச் சணலால் கட்டி, தூசும் தும்புமாக ஓடிக்கொண்டிருந்தது. 'தொடாதே' என்று எழுதி ஒட்டியிருந்தது. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய்த் துணை இயக்குநரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். தினமும் ஐந்தே நிமிடம், தன் சிடியை இதில் போட்டுக்கொள்கிறேன், அலுவலகம் திறக்கும் முன்பே வந்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று மன்றாடினார்.

துணை இயக்குநர் துணியை இழுத்து மூடினார். பிறகு குரலைத் தாழ்த்தி, மனிதனுக்கு மனிதன் பேசுவதுபோலச் சொன்னார். "எட்டு வருஷமா இதை நாங்க அணைச்சதே இல்லை. அணைச்சா மறுபடி வருமான்னு யாருக்கும் தெரியாது. புதுசுக்கு மாத்தலாம்னா இந்த மென்பொருள் அதுல ஓடமாட்டேங்குது. அனுமதி எண் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கோம்."

"யார்கிட்ட சார்?"

"நம்மகிட்டதான். நிரூபணத்துல நிக்குது."

பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, திரையில் வந்த படங்களைப் பெருமையாக விளக்கத் தொடங்கினார். இது பயிற்சி மையம், இது ஆவணக் காப்பகம், இது குறைதீர்ப்பு மன்றம். அந்தப் பயிற்சி மையம் எங்கே இருக்கிறது என்று லிஃப்ட்காரர் கேட்டார். துணை இயக்குநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் படம் இருக்கே" என்றார். வாரியத்தில் எதையும் படம் எடுத்துவிட்டால் நடந்துவிட்டதாகத்தான் கணக்கு. படம் இருந்து காரியம் இல்லாமல்போனால் படம் பொய் என்றாகிவிடும். வாரியம் பொய்ப் படம் வைத்துக்கொள்வதில்லை.

உறுதிமொழிக்கு நாள் குறித்து வருவதற்குள் வார்த்தைகள் பதினொன்றாகிவிட்டன. கடல்கூடப் போய்விட்டது. கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். அத்தனை பேருக்கு முன்னால் அக்காவை நிறுத்தி, வாய் வராமல் அவமானப்பட வைக்கவேண்டுமா என்று மைத்துனர் கோபப்பட்டார். லிஃப்ட்காரருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் வேறு கதவு எதுவும் திறக்கவில்லை. டீச்சர் தானாகவே எழுந்து, இடது கையால் புடவையைச் சரிசெய்துகொண்டு, கைத்தடியை எடுத்தார். பழுது என்று பலகை மாட்டிய லிஃப்டில் மூவரும் ஏறிப் போனார்கள்.

வாரியத்தின் வரலாற்றில் அதுதான் முதல் வாய்மொழி உறுதிமொழி. அதனால் இயக்குநரே கோப்போடு வருவதாகவும், புகைப்படக்காரரும் வருவதாகவும் சொன்னார்கள். கூடத்தில் திரைக்குக் கீழே மேசை போட்டிருந்தார்கள். முதல் கவுண்டர் எழுத்தர் பேனாவோடு தயாராக உட்கார்ந்திருந்தார். டீச்சரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு லிஃப்ட்காரர் வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்தார். பத்தரைக்கு வருவதாகச் சொன்ன இயக்குநர் பதினொன்றரை வரை வரவில்லை. காத்திருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

"கத்தரிக்கோல்."

லிஃப்ட்காரர் சட்டென்று நின்றார். டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நட்சத்திரம் விரிந்தது. ஆவணக் காப்பகத்தின் வாசலில் இயக்குநர். "கத்தரிக்கோல்" என்றார் டீச்சர் மறுபடியும், இந்த முறை இன்னும் தெளிவாக. நட்சத்திரம். குறைதீர்ப்பு மன்றம். "கத்தரிக்கோல்." பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லிஃப்ட்காரர் சட்டைப் பையிலிருந்து சர்வீஸ் அட்டையை உருவினார். எழுத முடியவில்லை, எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. கண் வேறு மறைத்தது.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் வந்தார். கூடமே எழுந்து நின்றது. திரையில் இருந்த அதே கோட்டு, அதே சிரிப்பு. மேசைக்கு முன்னால் வந்து, கோப்பைக் கையில் ஏந்தி, புகைப்படக்காரரின் பக்கம் முகத்தைத் திருப்பி அப்படியே உறைந்து நின்றார். புகைப்படக்காரர் ஏதோ திருகிக்கொண்டிருந்தார். எழுத்தர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அம்மா, நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுங்கள் என்று தொடங்கினார்.

டீச்சர் அவரைக் கவனிக்கவில்லை. திரையைப் பார்த்தார். கீழே நின்றவரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். எந்தப் படத்திலும் கத்தரிக்கோல் திறந்தபடியே இருந்தது, ரிப்பன் அறுபடாமலே இருந்தது, மனிதர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். டீச்சரின் புருவம் சுருங்கியது. இருபத்தெட்டு வருடம் வண்ணக் காகிதமும் மொண்ணைக் கத்தரியுமாகக் குட்டி மேசைகளுக்கு நடுவே நடந்த அந்தக் குரல், ஒரு பிசிறு இல்லாமல் வந்தது.

"இன்னும் வெட்டலையா?"

எழுத்தர், காப்பாளர் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்ற விதிப்படி, அதை எழுதினார். இயக்குநரின் சிரிப்பு அப்படியே நின்றது. டீச்சர் இடது கையை நீட்டினார்.

"குடு இங்க."

இயக்குநரை யாரும் அந்தக் குரலில் அதட்டி ஐம்பது வருடம் இருக்கும். அவர் என்ன ஏது என்று யோசிக்கவில்லை. கையில் இருந்ததை அப்படியே கொடுத்துவிட்டார். கோப்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போது புகைப்படக்காரரின் விளக்கு பளிச்சிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததில் யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. இயக்குநர் தன் கையாலேயே கோப்பைக் காப்பாளரிடம் ஒப்படைக்கும் படம் எடுக்கப்பட்டுவிட்டது. ஒப்படைத்தால் அனுமதி கொடுத்தாயிற்று என்று அர்த்தம். கொடுக்கவில்லை என்றால் படம் பொய். துணை இயக்குநருக்கு வியர்த்து ஊற்றியது. எட்டு பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார். கடைசியில் அனுமதிப் பதிவேட்டைத் தேடி எடுத்தார்கள். எட்டு வருடத்தில் யாரும் திறக்காததால் அதன் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. முதல் பக்கத்தில், முதல் வரியில் எழுதி, ஒரு துண்டுத் தாளில் எண்ணைக் குறித்துக் கொடுத்தார்கள். எண் ஒன்று.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் லிஃப்ட்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. புதுக் கணினியைத் திறந்து, சிடியைப் போட்டு, சதுரத்தில் ஒன்று என்ற எண்ணை அழுத்தினார். சதுரம் போயிற்று. திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு நட்சத்திரம் விரிந்தது.

விட்ட இடம்வரை தள்ளிக்கொண்டு போனார். இருபத்தேழாவது படம், மொட்டைமாடியில் உலர்ந்துகொண்டிருக்கும் போர்வைகள். டீச்சர் எழுதிய ஒரு வரி அடியில் இருந்தது. அவர் அட்டையால் அதை மறைத்தார். சரியாக மறைக்கிறதா என்று குனிந்து பார்த்தார், சன்னல் வெளிச்சம் திரையில் விழுகிறதா என்று போய்ச் சன்னல் துணியை இழுத்துவிட்டார், திரும்பி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார், அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் வந்தார். போர்வை என்று வந்துவிடுமா, வராதா?

டீச்சர் படத்தைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தரை மாதத்தில் டீச்சர் சொன்னதெல்லாம் படங்களுக்கும் அதிகாரிகளுக்கும்தான். உதடு துடித்தது.

"உக்காருங்க" என்றார் தன் கணவரிடம்.